டோக்கமாக் வளையம் உண்மையில் வட்டமில்லை: பிளாஸ்மாவின் முப்பரிமாணச் சமநிலை

2025 ஜனவரியில் சீனாவின் ஹெஃபெய் நகரிலுள்ள ஈஸ்ட் என்ற டோக்கமாக், அதாவது பிளாஸ்மா எனப்படும் மிகச் சூடான மின்னேற்ற வாயுவைக் காந்தப்புலத்தால் வளையமாகப் பிடித்துவைக்கும் இயந்திரம், அந்தப் பிளாஸ்மாவை 1,066 செக்கன்கள் விடாமல் பிடித்துவைத்திருந்தது. அடுத்த மாதம் பிரான்சின் வெஸ்ட் இயந்திரம் அதை 1,337 செக்கன்களுக்குக் கொண்டுபோனது. அந்த நாட்களில் "செயற்கைச் சூரியன்" என்ற தலைப்பு முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றாத இடமில்லை. மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால், சுற்றியது கடைசியில் என் வகுப்புக்கும் வந்து சேர்ந்தது.

வந்த கேள்விகளில் இரண்டு அருமையானவை. ஒன்று: "சேர், பிளாஸ்மா சமநிலைக்கு வந்திட்டா பிறகு பிரச்சினை இல்லைத்தானே?" மற்றது கல்முனையிலிருந்து வரும் ஒரு பிள்ளை கேட்டது: "சுத்திவர ஒரே மாதிரி வளையம் எண்டா, ஒரு வெட்டுமுகத்தைக் கணக்குப் பார்த்தாக் காணாதா? முப்பரிமாணம் எதுக்கு?"

இரண்டுக்கும் பொதுவில் உலாவுகிற பதில்கள் அரைகுறை. சமநிலை என்றால் அமைதி என்று நினைக்கிறார்கள். டோக்கமாக் படத்தில் வட்டமாக இருப்பதால் உள்ளே இருப்பதும் வட்டம் என்று நினைக்கிறார்கள். வட்டம் கொஞ்சம் கெட்டாலும் ஒரு பிழைத் திருத்தத்தோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். மூன்றும் சரியில்லை. சமன்பாடு எதுவும் எழுதாமல் ஏன் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

வாயுவை மிகவும் சூடாக்கினால் அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிரிந்துவிடும். மிஞ்சிய நேரேற்ற அயன்களும் பிரிந்த இலத்திரன்களும் கலந்து திரியும் நிலைதான் பிளாஸ்மா. இரண்டு வகை ஐதரசன், அதாவது டியூட்டீரியமும் திரிட்டியமும், போதிய வேகத்தில் மோதினால் அவற்றின் கருக்கள் இணைந்து ஹீலியமும் ஒரு நியூத்திரனும் வரும்; கூடவே பெரும் சக்தியும் வரும். இதுவே அணுக்கரு இணைவு.

தென் பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் என்ற பெரிய டோக்கமாக் எதிர்பார்க்கும் வெப்பநிலை 15 கோடிப் பாகை செல்சியஸ். சூரியனின் மையத்தில்கூட ஒன்றரைக் கோடிதான். ஆனால் அளவைப் பாருங்கள்: 800 கன மீற்றருக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கப்போகும் பிளாஸ்மாவின் மொத்தத் திணிவு ஒரு கிராமுக்கும் குறைவு. "வெடித்தால் நாடே போய்விடும்" என்று பகிர்கிறவர்கள் இந்த எண்ணைக் கவனிப்பதில்லை. கட்டுப்பாடு தவறினால் பிளாஸ்மா அணைந்துபோகும். சேதம் வருவது இயந்திரத்துக்கு.

இந்தச் சூட்டைத் தாங்கும் பாத்திரம் கிடையாது. அதனால் காந்தப்புலம்தான் பாத்திரம். மின்னேற்றமுள்ள துணிக்கை காந்தப்புலக் கோட்டைச் சுற்றிச் சிறு வட்டமடித்துக்கொண்டே அந்தக் கோட்டின் வழியே ஓடும். கோட்டின் வழியே ஓடத் தடையில்லை. கோட்டுக்குக் குறுக்கே போவதுதான் கடினம். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்திருங்கள். மிச்சம் முழுக்க இதிலிருந்துதான் வரப்போகிறது.

கோட்டின் வழியே துணிக்கை ஓடும் என்றால், முனையுள்ள குழாயில் அது முனையால் வெளியே போய்விடும். ஆகவே முனையே இல்லாமல் குழாயை வளைத்து வளையமாக்கினார்கள். 1950களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியத்தில் இகோர் தாமும் ஆந்திரே சகாரோவும் முன்வைத்த அந்த யோசனையிலிருந்து வளர்ந்த இயந்திரம்தான் டோக்கமாக்.

வைக்கோல் புரி வளையம்

படுவான்கரைப் பக்கம் வெள்ளாமை வெட்டி முடிந்த பிறகு ஒரு வீட்டுக்குப் போனால், பானை உருளாமல் இருக்கக் கீழே வைக்கும் வளையத்தைக் காணலாம். வைக்கோலைப் புரியாக முறுக்கி, வட்டமாக வளைத்து, அங்கங்கே கட்டியிருப்பார்கள். அதை மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இந்த ஒரு வளையம்தான்.

புரியில் ஒரு வைக்கோல் தாளைக் கண்ணால் பின்தொடருங்கள். அது வளையத்தின் நீளப்பாட்டில் போகிறது. அதே நேரம் புரியின் தடிப்பைச் சுற்றியும் போகிறது. முதலாவதை நெடுஞ்சுற்று என்போம், இரண்டாவதைக் குறுஞ்சுற்று என்போம். டோக்கமாக்கில் காந்தப்புலக் கோடுகளும் இப்படித்தான், முறுகி ஓடுகின்றன.

முறுக்கு எதற்கு? முறுக்கில்லாமல் நேராக வளையம் சுற்றும் புலத்தில், உட்பக்கம் புலம் வலுவாகவும் வெளிப்பக்கம் பலவீனமாகவும் இருக்கும். அந்த வித்தியாசம் அயன்களை மேலே தள்ளினால் இலத்திரன்களைக் கீழே தள்ளும். ஏற்றங்கள் பிரிந்தால் மின்புலம் உண்டாகும். அது பிளாஸ்மா முழுவதையும் வெளிச்சுவருக்குத் தள்ளிவிடும். கோடுகள் முறுகியிருந்தால் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே கோட்டால் இணைந்துவிடும். பிரிந்த ஏற்றங்கள் கோட்டின் வழியே ஓடிச் சமன் செய்துகொள்ளும்.

டோக்கமாக்கில் இந்த முறுக்கைத் தருவது பிளாஸ்மாவுக்குள்ளேயே ஓடும் மின்னோட்டம். ஈட்டரில் அது 15 மில்லியன் அம்பியர். நெடுஞ்சுற்றுப் புலத்தைத் தருவது வெளியே நிற்கும் சுருள்கள்.

வைக்கோல் புரி இறுக்கமாக முறுக்கியது. ஒரு நெடுஞ்சுற்றுக்குள் பல குறுஞ்சுற்று வரும். டோக்கமாக்கின் முறுக்கு அதைவிட மிகவும் தளர்வு. மையத்தருகே ஒரு குறுஞ்சுற்று முடிக்க ஏறக்குறைய ஒரு நெடுஞ்சுற்று போதும். ஓரத்தருகே மூன்று அல்லது அதற்கு மேல் வேண்டும். ஒரு குறுஞ்சுற்றுக்கு எத்தனை நெடுஞ்சுற்று என்ற இந்த எண்ணுக்குப் பாதுகாப்புக் காரணி என்று பெயர். நான் இதைச் சுற்றெண் என்றே எழுதப் போகிறேன்.

புரிக்குள் அடுக்கடுக்காக வைக்கோல் இருக்கிறது. ஒரு அடுக்கிலுள்ள தாள் அந்த அடுக்கிலேயே சுற்றும். பிளாஸ்மாவிலும் ஒரு கோட்டைப் போதிய தூரம் பின்தொடர்ந்தால், அது ஒரு குழாய்வடிவப் பரப்பு முழுவதையும் நிரப்பிவிடும். அதுதான் காந்தப் பரப்பு. ஒன்றுக்குள் ஒன்றாக இப்படிப் பல பரப்புகள். சுற்றெண் பரப்புக்குப் பரப்பு மாறும்.

இதுவரை சொன்னது: துணிக்கைகள் கோட்டின் வழியே தாராளமாக ஓடும். கோடுகள் முறுகிச் சுற்றிப் பரப்புகளை உண்டாக்கும். பரப்புகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருக்கும்வரை, நடுவிலுள்ள சூடு வெளியே வர ஒவ்வொரு பரப்பாகக் குறுக்கே கடக்க வேண்டும்.

சமநிலை அமைதியல்ல

பானை வளையத்தின் மேல் நிற்கிறது. பானையின் நிறை கீழே, வளையத்தின் தாங்கல் மேலே, இரண்டும் சமன். இது சமநிலை. பானையை விரலால் தட்டினால் பழைய இடத்துக்கு வருமா, கவிழுமா என்பது வேறு கேள்வி. அதற்கு உறுதிநிலை என்று பெயர். உறுதியற்ற சமநிலையும் உண்டு. இந்த இரண்டும் கலந்துபோவதுதான் இணையத்தில் காணும் குழப்பத்தில் பாதி.

பிளாஸ்மாவில் சமன் செய்யும் இரண்டு விசைகள் எவை? சூடான பிளாஸ்மாவின் அமுக்கம் வெளியே தள்ளுகிறது. பிளாஸ்மாவில் ஓடும் மின்னோட்டமும் காந்தப்புலமும் சேர்ந்து, உயர்தரப் பாடத்தில் வரும் அதே விசைதான், உள்ளே தள்ளுகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் இவை சமமாக இருக்கும்படி புலம், மின்னோட்டம், அமுக்கம் மூன்றும் எப்படிப் பரந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதே சமநிலைக் கணிப்பு. அயன்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன, வெப்பமும் கசிந்துகொண்டேதான் இருக்கிறது. சமன்பட்டிருப்பது விசைகள் மட்டுமே.

காந்தப்புலம் தரும் விசை எப்போதும் கோட்டுக்குச் செங்குத்து. கோட்டின் வழியே அது எதையும் தள்ளாது. அப்படியானால் கோட்டின் வழியே அமுக்கம் மாறினால் அதைச் சமன் செய்ய ஆளில்லை. ஆகவே சமநிலையில் ஒரு கோடு முழுவதும் அமுக்கம் ஒன்றாகவே இருக்க வேண்டும். கோடு ஒரு பரப்பை நிரப்பினால் பரப்பு முழுவதும் ஒரே அமுக்கம். நடுவில் அதிக அமுக்கம், ஓரத்தில் குறைந்த அமுக்கம் என்ற ஏற்பாடு பரப்புகள் முழுதாக இருந்தால்தான் நிற்கும்.

அமுக்கம் எவ்வளவு என்று கேட்டால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். அமெரிக்காவின் அல்காட்டர் சி-மொட் என்ற சிறிய டோக்கமாக் 2016இல் சராசரியாக 2.05 வளிமண்டல அமுக்கத்தை எட்டியது. அது அப்போது உலகச் சாதனை. சூடு அதிகம், அடர்த்தி மிகக் குறைவு, அதனால்தான். ஈட்டரின் 5.3 டெஸ்லா புலம் செலுத்தும் காந்த அமுக்கமோ நூறு வளிமண்டலத்துக்கும் மேல். எனவே பிளாஸ்மாவைப் பிடித்துவைப்பதில் வலிமை பிரச்சினையில்லை, வடிவம்தான் பிரச்சினை.

வளையம் சுற்றிவர அச்சொட்டாக ஒரே மாதிரி இருந்தால், அந்தக் கல்முனைப் பிள்ளை சொன்னது முற்றிலும் சரி: ஒரு வெட்டுமுகம் காணும். இப்படி ஒரு அச்சைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஒன்றாக இருப்பது அச்சுச் சமச்சீர். 1950களின் பிற்பகுதியில் ஹரோல்ட் கிராடும் விட்டாலி ஷஃப்ரனோவும் தனித்தனியே எழுதிய சமன்பாடு இதற்குத்தான். இருபரிமாணக் கணக்கு, கணினிக்குக் கண்மூடித் திறப்பதற்குள் முடியும் வேலை. அதைவிடப் பெரிய வசதி, அச்சுச் சமச்சீர் இருந்தால் காந்தப் பரப்புகள் இருக்குமா என்ற சந்தேகமே எழாது. இருந்தே ஆகும். இன்றும் டோக்கமாக்குகளை நாளாந்தம் இயக்குவது இந்த இருபரிமாணக் கணக்கை வைத்துத்தான்.

வட்டம் எங்கே கெடுகிறது?

வைக்கோல் வளையத்தில் அங்கங்கே கட்டு இருக்கும் என்றேனே, கட்டுள்ள இடத்தில் புரி கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். டோக்கமாக்கில் கட்டுகளின் இடத்தில் சுருள்கள். ஈட்டரில் நெடுஞ்சுற்றுப் புலத்துக்கு 18 சுருள்கள், ஒவ்வொன்றும் 17 மீற்றர் உயரம். சுருளுக்கு நேர் கீழே புலம் சற்று வலு, இரண்டு சுருள்களுக்கு இடையே சற்றுக் குறைவு. இந்த ஏற்ற இறக்கத்துக்குப் புலத் தளம்பல் என்று பெயர். அதைக் குறைக்கச் சுவரினுள்ளே காந்தத்தன்மையுள்ள உருக்குத் தகடுகளைச் செருகுகிறார்கள்.

அப்புறம் கட்டுமானம். 17 மீற்றர் உயரச் சுருளை ஒரு மயிரிழை பிசகாமல் நிறுத்த யாராலும் முடியாது. மில்லிமீற்றர் கணக்கில் சாயும், நகரும். சுருளுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிகளும் தங்கள் பங்குக்குப் புலம் தரும். இவையெல்லாம் சேர்ந்ததுதான் பிழைப்புலம்.

இவை வெளியிலிருந்து வருவன. உள்ளிருந்து வருவது இன்னும் சுவாரசியம். நடுப்பகுதியில் சுற்றெண் 1க்கு அண்மையாக அகலமான இடத்தில் இருந்தால், பிளாஸ்மாவின் நடுத்தண்டு தானாகவே பக்கவாட்டில் விலகி, வளையத்தைச் சுற்றித் திருகாக வளைந்துகொள்ளும். இங்கிலாந்தின் ஜெட் இயந்திரத்தில் 1980களில் இதைப் போன்ற ஒரு திருகல் தென்பட்டது. அளவீட்டுப் படத்தில் நெளிந்து நெளிந்து போனதால் பாம்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2010இல் சுவிற்சர்லாந்தின் லொசானிலிருந்து டபிள்யூ. ஏ. கூப்பரும் சகாக்களும் கணித்துக் காட்டியது என்னவென்றால், வெளி எல்லையைக் கணக்கில் முழு வட்டமாகவே வைத்தாலும் நடுப்பகுதி திருகாக இருக்கும் சமநிலை ஒன்று உண்டு. ஒரே வெளி எல்லை, ஒரே இயந்திரம், இரண்டு சமநிலைகள்: ஒன்று வட்டம், ஒன்று திருகு. இருபரிமாணக் கணக்கு இரண்டாவதைக் காணவே மாட்டாது.

சின்னது ஏன் பெரிதாகிறது?

பிழைப்புலம் பிரதான புலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். வீட்டுத் தராசில் அந்த அளவு பிழை வந்தால் எவரும் கவலைப்பட மாட்டார்கள். டோக்கமாக்கில் அதே அளவு போதும், சில வேளை பிளாஸ்மாவையே அணைத்துவிட. கட்டுரையின் இதயம் இந்தப் பகுதிதான், கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

இந்தச் சூட்டில் ஒரு இலத்திரன் ஈட்டரின் ஏறக்குறைய 39 மீற்றர் நெடுஞ்சுற்றை ஒரு செக்கனில் பத்து லட்சம் தடவைக்கு மேல் ஓடும். ஒவ்வொரு தடவையும் அது போகும் கோட்டில் பிழைப்புலம் ஒரு நுண்ணிய தள்ளல் கொடுத்திருக்கிறது. கேள்வி என்னவென்றால், கோடு சுற்றச் சுற்ற அந்தத் தள்ளல்கள் ஒன்றோடொன்று கழிபடுமா, கூடுமா?

சுற்றெண் ஒரு பின்னமாக எழுத முடியாத எண் என்று வைப்போம். கோடு ஒவ்வொரு சுற்றிலும் புதுப்புது இடத்தில் வரும். ஓரிடத்தில் வெளியே தள்ளினால் இன்னோரிடத்தில் உள்ளே தள்ளும். சராசரியில் கழிந்துவிடும். பரப்பு கொஞ்சம் நெளியும், அவ்வளவுதான்.

சுற்றெண் சரியாக 2 என்று வைப்போம். கோடு இரண்டு நெடுஞ்சுற்று முடித்ததும் தொடங்கிய இடத்துக்கே திரும்பும். வைக்கோல் வளையத்தில் ஒரு தாள் ஒவ்வொரு முறையும் அதே கட்டின் அதே பக்கத்தில் வந்து மாட்டுவதாக நினையுங்கள். பிழைப்புலத்தின் வடிவமும் அதே முறுக்கோடு ஒத்திருந்தால் தள்ளல் எப்போதும் ஒரே திசையில். கழிபட வழியில்லை, கூடிக்கொண்டே போகும். இதற்கு ஒத்திசைவு என்று பெயர். 3/2, 2, 3 போன்ற சின்னப் பின்ன எண்களில்தான் இது மோசம்.

கூடிக்கொண்டே போனால் முடிவு என்ன? கோடு விலகிப்போய்ப் பக்கத்துப் பரப்புகளுக்குள் நுழையும். அங்கே சுற்றெண் வேறு என்பதால் ஒத்திசைவு தவறும், கோடு திரும்பி வரும். இப்படிப் போய்வந்து போய்வந்து, அந்தப் பரப்பு இருந்த இடத்தில் தனக்கென ஒரு மையமுள்ள சிறு குழாய்க்கூட்டம் உருவாகிவிடும். அதுதான் காந்தத் தீவு. தீவின் உட்பக்க ஓரத்தையும் வெளிப்பக்க ஓரத்தையும் ஒரே கோடுகள் தொடுவதால், சூடு குறுக்கே கடக்க வேண்டிய தேவையில்லாமல் கோட்டின் வழியே ஓடி வெளியேறும். தீவின் அகலம் முழுவதும் அமுக்கம் சமமாகிவிடும். அவ்வளவு அகலத்துக்குக் காப்பு போய்விட்டது என்று அர்த்தம்.

தீவின் அகலம் தள்ளலின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பத்தாயிரத்தில் ஒன்றின் வர்க்கமூலம் நூறில் ஒன்று. அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத பிழை சென்ரிமீற்றர் கணக்கில் தீவாக எழும்புகிறது. தீவுகள் இரண்டு அருகருகே வளர்ந்து ஒன்றையொன்று தொட்டால் நிலைமை இன்னும் மோசம்: கோடுகள் எந்தப் பரப்பிலும் நிற்காமல் ஒரு பருமன் முழுவதும் அலையும். அது ஒழுங்கின்மைப் பகுதி.

இதற்கு மேல் ஒன்றும் உண்டு. பிளாஸ்மா வழக்கமாகச் சுழன்றுகொண்டிருக்கும். பிழைப்புலம் அந்தச் சுழற்சிக்குத் தடை போடும். சுழற்சி நின்று தீவு ஒரே இடத்தில் பூட்டிக்கொண்டால் அது வளர்ந்து, சூடு முழுவதும் மில்லிசெக்கன் கணக்கில் சுவரில் கொட்டிவிடும். இது திடீர்ச் சரிவு. ஈட்டர் கட்டுகிறவர்களை மிகவும் பயமுறுத்துவது இதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

சுருக்கமாக: பெரும்பாலான பரப்புகள் சிறு பிழையைத் தாங்கும். சுற்றெண் சின்னப் பின்னமாக உள்ள பரப்புகள் உடைந்து தீவாகும். தீவு பிழையை விட மிகப் பெரியது. ஒழுங்கின்மை தீவுகள் மோதும் இடத்தில் பிறக்கும்.

கணினி செய்வது என்ன?

பிழைப்புலத்தை மட்டும் கணித்து, வெற்றிடத்தில் கோடுகள் எப்படிப் போகும் என்று பார்ப்பது இலகு. ஆனால் பிளாஸ்மா சும்மா இருக்காது. சுழலும் பிளாஸ்மா ஒத்திசைவுப் பரப்பில் ஒரு மின்னோட்டத்தை எழுப்பி, தீவு வராமல் மறைக்கப் பார்க்கும். அதே பிளாஸ்மா உறுதிநிலையின் எல்லைக்கு அருகே இருந்தால், வெளியிலிருந்து வந்த சிறு நெளிவைப் பல மடங்கு பெருக்கியும் விடும். எனவே வெற்றிடக் கணக்கு சில இடத்தில் அதிகம் பயமுறுத்தும், சில இடத்தில் பொய்யாக ஆறுதல் சொல்லும். பிளாஸ்மாவின் அமுக்கத்தையும் மின்னோட்டத்தையும் சேர்த்து, முழு வளையத்துக்கும் விசைச் சமன் பார்ப்பதே முப்பரிமாணச் சமநிலை மாதிரியமைப்பு.

உள்ளீடு என்று பார்த்தால், சுருள்களின் வடிவமும் அவற்றில் ஓடும் மின்னோட்டமும், அமுக்கம் மையத்திலிருந்து ஓரம்வரை எப்படிக் குறைகிறது என்பதும், மின்னோட்டம் அல்லது சுற்றெண் எப்படி மாறுகிறது என்பதும். விடையாக வருவது பரப்புகளின் வடிவமும் ஒவ்வொரு புள்ளியிலும் புலமும். காலத்தோடு ஓடும் படமல்ல அது. ஒரு நிலையின் புகைப்படம்.

மிகவும் பரவலான நிரல் வீமெக். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் ஸ்டீவன் ஹிர்ஷ்மனும் ஜே. சி. விற்சனும் 1983இல் வெளியிட்டார்கள். விசைகளைப் புள்ளி புள்ளியாகச் சமன் செய்வதற்குப் பதிலாக, அது மொத்தச் சக்தியை எடுத்துக்கொள்கிறது. பரப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெளித்துப் பார்த்து, சக்தி மிகக் குறைவாக வரும் வடிவத்தைத் தேடுகிறது. அந்த வடிவத்தில் விசைகள் தானாகச் சமன்பட்டிருக்கும். வேகமானது, நம்பகமானது. லொசான் குழு திருகு நடுத்தண்டைக் கண்டதும் இந்த வழியில்தான்.

ஆனால் வீமெக் தொடக்கத்திலேயே ஒன்றை எடுகோளாக வைக்கிறது: பரப்புகள் உடையாமல் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. தீவு என்ற ஒன்றை அதன் மொழியில் எழுதவே முடியாது. "வீமெக்கில் தீவு வரவில்லை, ஆகவே தீவு இல்லை" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அச்சுச் சமச்சீர் போனபின் அப்படி முழுதான, இழைவான பரப்புகள் கொண்ட சமநிலை இருக்கவே முடியுமா என்று 1967இல் கிராட் சந்தேகம் கிளப்பினார். சில சிறப்புச் சமச்சீர்கள் தவிர்ந்த இடத்தில் இருக்காது என்பது அவருடைய ஊகம். கணிதத்தில் அந்தப் பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை. நடைமுறையில் ஆராய்ச்சியாளர்கள் வேறு வழிகளைக் கட்டினார்கள். ஜப்பானில் பிறந்த ஹின்ட் நிரல் பரப்புகள் இருப்பதாக எதையும் எடுகோள் கொள்ளாமல், ஒரு வலையில் புலத்தையும் அமுக்கத்தையும் தளரவிட்டுச் சமனுக்குக் கொண்டுவரும்; தீவு வந்தால் வரட்டும் என்று விடும். 2012இல் ஸ்டூவர்ட் ஹட்சனும் சகாக்களும் விவரித்த ஸ்பெக் நிரல் பிளாஸ்மாவைச் சில அடுக்குகளாகப் பிரிக்கும். அடுக்குகளின் எல்லைப் பரப்புகள் மட்டும் உடையாது, இடையில் தீவோ ஒழுங்கின்மையோ எதுவும் நடக்கலாம். இன்னொரு பாதை, வட்டச் சமநிலையைக் கணித்துவிட்டு அதன் மேல் சிறு நெளிவை மட்டும் சேர்ப்பது. டோக்கமாக்குக்கு இது பெரும்பாலும் போதும், நெளிவு சிறிதாக இருக்கும்வரை.

எது சரியான நிரல் என்று கேட்டால் என் பதில்: என்ன கேள்வி கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓரத்தின் வடிவம் வேண்டுமா, தீவின் அகலம் வேண்டுமா, இணைவில் பிறக்கும் ஹீலியம் கருக்கள் தப்பிப்போகுமா என்று பார்க்க வேண்டுமா, ஒவ்வொன்றுக்கும் வேறு கருவி.

வேண்டுமென்றே கெடுப்பவர்கள்

முப்பரிமாணம் எப்போதும் வில்லன் இல்லை. டோக்கமாக் நன்றாக ஓடும் நிலையில் ஓரத்தில் அமுக்கம் செங்குத்தாக ஏறி நிற்கும். அந்தச் செங்குத்து அடிக்கடி உடைந்து, வெப்பமும் துணிக்கைகளும் திடீர் திடீரென்று சுவரில் அடிக்கும். இந்த ஓர வெடிப்புகள் ஈட்டர் அளவில் சுவரையே அரித்துவிடும். 2004இல் அமெரிக்காவின் சான் டியேகோவிலுள்ள டி-த்ரீ-டி டோக்கமாக்கில் டொட் எவன்சும் சகாக்களும் அறிவித்த பரிசோதனையில், சிறு சுருள்களால் ஓரத்தில் வேண்டுமென்றே ஒத்திசைவுப் புலம் கொடுத்து இந்த வெடிப்புகளை அடக்கினார்கள். பிரதான புலத்தோடு பார்த்தால் அதுவும் பத்தாயிரத்தில் சில பங்குதான். ஈட்டரின் பாத்திரத்துக்குள் இதற்கென்றே 27 சுருள்கள் வடிவமைக்கப்பட்டுள்ளன. பிழைப்புலத்தைத் திருத்த ஒரு சுருள் தொகுதி, புலத்தைக் கெடுக்க இன்னொரு தொகுதி! கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நடுவில் ஒத்திசைவு வேண்டாம், ஓரத்தில் வேண்டும். அந்த நுட்பமான பங்கீட்டைக் கணிக்காமல் சுருளில் மின்னோட்டம் விட முடியாது.

இன்னும் ஒருபடி போய், வட்டத்தையே கைவிட்டவர்களும் உண்டு. 1951இல் லைமன் ஸ்பிற்சர் முன்வைத்த ஸ்டெல்லரேற்றர் வகையில் முறுக்கு முழுவதும் வெளிச்சுருள்களிலிருந்தே வரும். ஜேர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட்டில் 2015 டிசம்பரில் முதல் பிளாஸ்மா கண்ட வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் இயந்திரத்தில் நெளிந்து வளைந்த 50 சுருள்கள் இருக்கின்றன. அங்கே ஒரு மெல்லிய இலத்திரன் கற்றையைப் புலக்கோட்டில் விட்டு, ஒளிரும் கோல் ஒன்றால் அது போகும் இடங்களைப் படமெடுத்தார்கள். காந்தப் பரப்புகள் படத்தில் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. புலம் வடிவமைத்ததிலிருந்து ஒரு லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பிசகியிருந்தது. ஸ்டெல்லரேற்றருக்காக வளர்ந்த முப்பரிமாண நிரல்களைத்தான் இப்போது டோக்கமாக்காரர்கள் இரவல் வாங்குகிறார்கள்.

வீட்டிலேயே தீவு பார்க்க

இதற்குப் பெரிய கணினி வேண்டாம். பைதான் தெரிந்தால் பத்து வரி போதும், கைப்பேசியில்கூட ஓடும். இரண்டு எண்கள் எடுங்கள்: ஒன்று குறுஞ்சுற்றில் கோடு நிற்கும் கோணம், மற்றது ஒரு நெடுஞ்சுற்றுக்கு அந்தக் கோணம் எவ்வளவு முன்னேறுகிறது என்பது. பிழைப்புலத்தின் வலுவுக்குப் பதிலாகத் தள்ளல் எண் என்று ஒன்றை நீங்களே தெரிவுசெய்யுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் முன்னேற்றத்தோடு "தள்ளல் எண் × கோணத்தின் சைன்" என்பதைக் கூட்டுங்கள். பிறகு அந்தப் புதிய முன்னேற்றத்தைக் கோணத்தோடு கூட்டுங்கள். கோணமோ முன்னேற்றமோ 2πஐத் தாண்டினால் 2πஐக் கழித்துவிடுங்கள், பூச்சியத்துக்குக் கீழே போனால் கூட்டிவிடுங்கள். வெவ்வேறு தொடக்கப் புள்ளிகளுக்குச் சில ஆயிரம் சுற்று ஓட்டி, கோணத்தைக் கிடையாகவும் முன்னேற்றத்தை நிலைக்குத்தாகவும் வைத்துப் புள்ளியிடுங்கள்.

தள்ளல் எண் 0 என்றால் கிடைக்கோடுகள் மட்டும் வரும், அவைதான் உடையாத பரப்புகள். 0.5 வைத்தால் நடுநடுவே கண்வடிவத் தீவுகள் திறக்கும், அவற்றுக்கிடையே நெளிந்த கோடுகள் இன்னும் குறுக்கே ஓடும். 0.97ஐத் தாண்டும்போது அப்படிக் குறுக்கே ஓடும் கடைசிக் கோடும் உடைந்துவிடும். 1.5 வைத்து, தீவுக்கு வெளியே ஒரே ஒரு புள்ளியில் தொடங்கி ஒரு லட்சம் சுற்று விட்டுப் பாருங்கள். அந்த ஒரு புள்ளியே மேலும் கீழும் அலைந்து, தீவுகளின் உட்பகுதி தவிரப் படத்தை நிரப்பிவிடும்.